ஒத்திக்கு இருக்கோம், வீட்டு மேல பேங்க் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, எங்க 6 லட்சம் என்ன ஆகும்? வாசகிக்கு வக்கீல் பதில்

மதுரையில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. பேரையும் ஏரியாவையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வீட்டுக்காரர் டைல்ஸ் கடையில வேலை பாக்குறார், ரெண்டு பிள்ளைங்க. 2022 ஜூன்ல புரோக்கர் மூலமா ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு எடுத்திருக்காங்க, அதாவது அந்தத் தொகையை மொத்தமா கொடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்காங்க. கல்யாண நகையில பாதியை வித்த காசும் வீட்டுக்காரரோட சேமிப்பும்தான் அந்தப் பணம். 4 லட்சம் பேங்க் வழியா போயிருக்கு, 2 லட்சம் ரொக்கமா கொடுத்திருக்காங்க. 100 ரூபா பத்திரத்தாள்ல எழுதி ரெண்டு சாட்சி போட்டு நோட்டரி சீலும் வாங்கியிருக்காங்க. மூணு வருஷ கெடு 2025 ஜூன்ல முடிஞ்சது. ஓனர் "அடுத்த ஆள் வந்ததும் அவங்ககிட்ட வாங்கித் தர்றேன்"னு சொல்லியே நாளைக் கடத்தியிருக்கார். போன மாசம் ஒருநாள் சாயங்காலம் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா வாசக்கதவுல ஒரு பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அந்த வீட்டு மேல ஓனர் 2019லயே லோன் வாங்கியிருக்கார், பாக்கி 17 லட்சத்துக்கு மேல, பேங்க் சொத்தை எடுத்துக்கிட்டதா அதுல போட்டிருக்கு. இதைக் கேக்கப் போனப்போ ஓனரோட தம்பி, "மூணு வருஷமா ஓசியில குடியிருந்துட்டு இப்போ பணமும் வேணுமா"ன்னு கேட்டிருக்கார். ஓனரும், கெடு முடிஞ்ச மாசத்துல இருந்து மாசம் 10,000 வாடகை கழிச்சுட்டுத்தான் மிச்சத்தைத் தருவேன்னு சொல்றார்.

அவங்க கேக்குறது இதுதான். வாடகையே கொடுக்காம இருந்த எங்களுக்கு உரிமை ஏதாவது இருக்கா? பணம் தரலைன்னா வீடு எங்க பேருக்கு வருமா? இப்படியே 12 வருஷம் இருந்துட்டா வீடு எங்களுக்காயிடும்னு ஒருத்தர் சொல்றாரே, நிஜமா? போலீஸ்ல சொன்னா பணத்தை வாங்கிக் கொடுப்பாங்களா? பேங்க்காரங்க வந்தா நாங்க எங்க போறது?

வணக்கம்மா. நீங்க அனுப்பின அக்ரிமெண்ட் போட்டோவையும் நோட்டீஸையும் முழுசா படிச்சேன். அந்தத் தம்பி சொன்ன வார்த்தை உங்களை எவ்வளவு உறுத்தியிருக்குன்னு கடிதத்துல தெரியுது, மூணு இடத்துல அதையே எழுதியிருக்கீங்க. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க உரிமை என்னங்கிறதும் அங்கதான் இருக்கு.

ஒத்திக்கு இருக்கிறவங்க ஓசியில இருக்கிறவங்க இல்லை

மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் ஒத்தின்னு சொல்றதைத்தான் சென்னை, காஞ்சிபுரம், வேலூர் பக்கம் போக்கியம்னு சொல்றாங்க. இப்போ சென்னையிலயும் பெங்களூர்லயும் லீஸ்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. பேர் எதுவா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான். ஒரு பெரிய தொகையை ஓனர்கிட்ட மொத்தமா கொடுக்கிறோம், அவர் நமக்கு வட்டி தர வேண்டாம், நாம அவருக்கு வாடகை தர வேண்டாம், கெடு முடிஞ்சதும் அவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார், நாம வீட்டைத் திருப்பிக் கொடுப்போம். கிராமத்துல வயலுக்கும் தோப்புக்கும் இதே முறைதான், நிலத்தை ஒத்திக்கு வாங்கினவர் விளைச்சலை எடுத்துக்குவார், பணம் வந்ததும் நிலத்தை விட்டுடுவார்.

சட்டத்துக்கு இது புதுசு இல்லை. 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்துல 58-வது பிரிவுல பலவகை அடமானம் சொல்லியிருக்கு, அதுல (ஈ) வகை அடமானம்னா சொத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவத்துல விட்டுட்டு அதுல வர்ற வருமானத்தை வட்டிக்கு ஈடா எடுத்துக்கச் சொல்றது. நம்ம ஊர் ஒத்தி அதேதான். அதாவது நீங்க வாடகைக்கு வந்த குடித்தனக்காரங்க கிடையாது, நீங்க அவருக்குக் கடன் கொடுத்தவங்க, அந்தக் கடனுக்கு வீட்டை உங்க கையில விட்டிருக்கார். நகையை அடகு வச்சா நகை அடகு பிடிச்சவர் பெட்டியில இருக்கிற மாதிரிதான் இதுவும்.

கணக்கா பாருங்க. அந்த மாதிரி வீட்டுக்கு உங்க தெருவுல மாசம் 9,000 வாடகைன்னு எழுதியிருக்கீங்க, வருஷத்துக்கு 1,08,000. 6 லட்சத்துக்கு 1,08,000ன்னா வருஷத்துக்கு 18 சதவீதம். அந்த வட்டியைத்தான் ஓனர் பணமா தராம வீடா தந்திருக்கார். அதே 6 லட்சத்தை நீங்க 7 சதவீதத்துக்கு பேங்க்ல போட்டிருந்தா வருஷம் 42,000 வந்திருக்கும், அதை விட்டுட்டுத்தானே அவர்கிட்ட கொடுத்தீங்க? இதுல ஓசி எங்க வந்துச்சு? அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னா தலை குனிய வேண்டாம்.

இந்த 18 சதவீதத்துல இன்னொரு சேதியும் இருக்கு, இதை எல்லாரும் கவனிக்கணும்னு ரொம்ப நாளா எனக்கு ஆதங்கம். சொந்த வீடு கையில இருக்கிற ஒருத்தர் பேங்க்ல அதை வச்சு இதைவிடக் கம்மி வட்டிக்கே கடன் வாங்க முடியும். அப்படியிருக்க ஏன் ஒத்திக்கு விடறார்? பல பேர் பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரின்னு அவசரத்துக்கு நேர்மையா விடறவங்க, அதுல தப்பே இல்லை. ஆனா சில பேர் பேங்க்ல ஏற்கெனவே வச்சு முடிச்சுட்டு, அங்க இனிமே கிடைக்காதுன்னு ஆன பிறகு ஒத்திக்கு வர்றாங்க. ஒத்திக்கு வீடு தேடும்போது நாம தண்ணி வருதா, வெளிச்சம் இருக்கா, ஸ்கூல் பக்கமான்னு பாக்குறோம், கடன் கொடுக்கிறவங்க பாக்க வேண்டியதைப் பாக்குறதில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதலம்மா, புரோக்கர் சொன்னதை நம்பினீங்க, இந்த ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் குடி வர்றாங்க.

நோட்டரி சீல் வேற, பதிவு வேற

இப்போ கஷ்டமான பகுதிக்கு வர்றேன். உங்க அக்ரிமெண்ட்ல பச்சை மையில நோட்டரி சீல் இருக்கிறதால அது "பதிவு பண்ணின பத்திரம்"னு எழுதியிருக்கீங்க. அது சரியில்லம்மா. நோட்டரி பண்றது இன்னார் கையெழுத்து போட்டார்னு உறுதி சொல்றது, அவ்வளவுதான். அதே சொத்து மாற்றுச் சட்டம் 59-வது பிரிவுப்படி 100 ரூபாயோ அதுக்கு மேலயோ உள்ள இந்த மாதிரி அடமானம் செல்லணும்னா எழுதிக் கொடுக்கிறவர் கையெழுத்தோட, குறைஞ்சது ரெண்டு சாட்சியோட, சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு ஆகியிருக்கணும். உங்களோடது பதிவு ஆகலை, அதனால கோர்ட்ல "எனக்கு இந்த வீட்டு மேல ஒத்தி உரிமை இருக்கு"ன்னு இந்தக் காகிதத்தை வச்சு நிரூபிக்க முடியாது.

ஏன் யாரும் பதிவு பண்றதில்லைன்னா செலவுதான் காரணம். சுவாதீனத்தோட கூடின (அதாவது சொத்தைக் கையில விடற) அடமானத்துக்கு தமிழ்நாட்டுல கடன் தொகையில 4 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம், 6 லட்சத்துக்கு 30,000 ரூபா ஆகும். "எதுக்குங்க வீண் செலவு, நோட்டரி போதும்"னு புரோக்கர் சொல்வார், ரெண்டு பக்கமும் தலையாட்டிடுவாங்க.

அதுக்காக அந்த மூணு பக்கமும் குப்பைன்னு நினைச்சு எங்கயாவது போட்டுடாதீங்க. ஒத்தி உரிமையை நிரூபிக்கத்தான் அது உதவாது. 6 லட்சம் வாங்கினேன், இன்ன தேதிக்குள்ள திருப்பித் தர்றேன்னு அவர் எழுதிக் கொடுத்த வாக்குறுதியை வச்சுப் பணம் கேட்டு வழக்குப் போடலாம், நீங்க எந்த அடிப்படையில அந்த வீட்டுல இருக்கீங்கன்னு காட்டவும் அது பயன்படும். முத்திரைத் தீர்வை குறைவா இருக்கிறதால கோர்ட் முதல்ல குறையையும் அபராதத்தையும் கட்டச் சொல்லும், கட்டின பிறகுதான் எடுத்துக்கும், இதுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வச்சுக்கோங்க. ரொக்கமா கொடுத்த 2 லட்சம் பத்தி பயப்படறீங்க, ஆனா அக்ரிமெண்ட்லயே "ரூபாய் ஆறு லட்சமும் இன்று ரொக்கமாகவும் வங்கி மூலமாகவும் பெற்றுக்கொண்டேன்"னு அவர் கையெழுத்து போட்டிருக்கார், அந்த ஒரு வரி உங்களைக் காப்பாத்தும். (பொதுவா சொல்றேன், 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனா ரொக்கத்துல வாங்கவும் கூடாது, ரொக்கத்துல திருப்பிக் கொடுக்கவும் கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துல இருக்கு, அபராதம் ரொக்கமா வாங்கின கடனாளி மேலதான் விழும். அதனால இனிமே அவர் எவ்வளவு திருப்பிக் கொடுத்தாலும் பேங்க் வழியாவே வாங்குங்க.)

வீடு உங்க பேருக்கு வராது

அக்ரிமெண்ட்ல கடைசிப் பக்கத்துல "கெடுவுக்குள் தொகையைத் திருப்பித் தராவிட்டால் மேற்படி வீடு ஒத்தி வாங்கியவருக்கே சொந்தமாகும்"னு ஒரு வரி இருக்கு, அதைக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கீங்க. அந்த வரி செல்லாது. அடமானமா ஆரம்பிச்சது அடமானமாத்தான் இருக்கும், அது தானாவே கிரயமா மாறாது, கடனைக் கட்டி சொத்தை மீட்டுக்கிற உரிமையை இப்படி ஒரு வரியால பறிக்க சட்டம் விடாது. பதிவான ஒத்தியா இருந்தாலும் இதே பதில்தான்.

12 வருஷ விஷயமும் அப்படித்தான். ஓனரோட சம்மதம் இல்லாம, அவர் உரிமையை மறுத்து, வெளிப்படையா, தொடர்ச்சியா ஒருத்தர் அனுபவிச்சாத்தான் எதிரிடை அனுபவம்னு பேச்சே வரும். நீங்க அவர் சம்மதத்தோட, அவர் சாவி கொடுத்து, அவர் எழுதிக் கொடுத்து உள்ள வந்தவங்க, 30 வருஷம் இருந்தாலும் அது சம்மதத்தோட இருந்ததுதான். இதை நம்பி காத்திருந்தீங்கன்னா பெரிய நஷ்டம் வரும், ஏன்னா பணம் கேட்டு வழக்குப் போட உங்களுக்கு இருக்கிறது 3 வருஷம்தான். 2025 ஜூன் கெடுவுல இருந்து எண்ணினா 2028 ஜூன். நடுவுல அவர் பாக்கியை ஒத்துக்கிட்டு எழுத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்தா அன்னையில இருந்து புதுசா 3 வருஷம் ஓடும், ஆனா அதை நம்பித் தள்ளிப் போட வேண்டாம்.

வாடகை கழிக்கிறேன்னு சொல்றதுக்கு இதைச் சொல்லுங்க. உங்க அக்ரிமெண்ட்ல "தொகையைத் திருப்பித் தரும் வரை வாடகையும் இல்லை வட்டியும் இல்லை"ன்னு இருக்கு. உங்க பணம் இன்னும் அவர்கிட்ட இருக்கு, அது இருக்கிற வரைக்கும் அதுக்கான வட்டிதான் நீங்க இருக்கிற இருப்பு. அவர் 2025 ஜூன்ல இருந்து வாடகை கேட்டா அதே தேதியில இருந்து நீங்களும் 6 லட்சத்துக்கு வட்டி கேக்கலாம். அப்படி ரெண்டையும் வச்சுப் பாத்தா அவருக்கு லாபம்னு சொல்ல பெருசா ஒண்ணும் மிஞ்சாது.

பேங்க் நோட்டீஸ்தான் இப்போ அவசரம்

ஓனரைவிட பேங்க் உங்களுக்கு முன்னாடி நிக்குது. பேங்க் அடமானம் 2019, உங்க ஒத்தி 2022. ஒரே சொத்து மேல முந்தி உரிமை வாங்கினவங்களுக்குத்தான் முதல் இடம், அதுவும் உங்க பக்கம் பதிவில்லாத காகிதம்.

கதவுல ஒட்டினது 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி, அதாவது கட்டாத கடனுக்கு அடமானச் சொத்தை பேங்க் எடுத்து விக்கிறதுக்கான சட்டப்படி, வர்ற நோட்டீஸ். அந்தச் சட்டப்படி பேங்க் முதல்ல கடன்காரருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும், அவர் கட்டலைன்னா சொத்தைக் காகிதத்துல தன் வசம் எடுத்துக்கும், அந்த அறிவிப்பைத்தான் உங்க கதவுல ஒட்டியிருக்காங்க, பேப்பர்லயும் போட்டிருப்பாங்க. நாளைக்கே வந்து சாமானைத் தூக்கி வெளிய வைக்க மாட்டாங்க, அதுக்கு அவங்க கலெக்டர்கிட்டயோ தலைமை குற்றவியல் நடுவர்கிட்டயோ மனு போட்டு உத்தரவு வாங்கணும். ஆனா அந்த உத்தரவு வந்துட்டா "நாங்க ஒத்திக்கு இருக்கோம்"னு சொல்லி ரொம்ப நாள் நிக்க முடியாது. உள்ள குடியிருக்கிறவங்களும் கடன் வசூல் தீர்ப்பாயத்துல 45 நாளுக்குள்ள மனு போடலாம், மதுரையிலயே தீர்ப்பாயம் இருக்கு, ஆனா உண்மையைச் சொல்றேன், பேங்க் அடமானத்துக்குப் பின்னாடி பதிவில்லாம வந்தவங்களுக்கு அங்க ஜெயிக்கிற வாய்ப்பு கம்மி. கொஞ்சம் அவகாசம் கிடைச்சாலும் பணம் கிடைக்காது. "ஸ்டே வாங்கித் தர்றேன், 50,000 கொடுங்க"ன்னு யாராவது வந்தா யோசிச்சு முடிவெடுங்க.

ஆனா இந்த நோட்டீஸ்ல உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கு. பேங்க் பாக்கி 17 லட்சம் சொச்சம். அக்கம்பக்கத்துல அந்த மாதிரி வீடு 40 லட்சத்துக்குக் குறையாம போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ பேங்க் கடனை அடைச்ச பிறகும் உங்க 6 லட்சத்துக்கு அந்த வீட்டுல இடம் இருக்கு. நான் உங்க இடத்துல இருந்தா என் முழு முயற்சியையும் இங்கதான் வைப்பேன்.

என்னென்ன வழி இருக்கு

முதல் வழி, எனக்குப் பிடிச்ச வழியும் இதுதான், ஓனரே வீட்டை விக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகுற வரைக்கும் கடன்காரர் முழுப் பாக்கியையும் செலவோட கட்டி சொத்தை மீட்டுக்கலாம்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. ஏலத்துக்குப் போனா விலை அடிபடும், அவருக்கும் நஷ்டம். இதை அவருக்குப் புரிய வைக்கணும், தம்பிகிட்ட வேண்டாம், அவர்கிட்டயும் அவர் மனைவிகிட்டயும் பெரியவங்க ஒருத்தரை வச்சுப் பேசுங்க. வாங்கற ஆள் கிடைச்சா நாலு தரப்பும் உக்காந்து எழுத்துல போட்டுக்கணும், வாங்கறவர் 17 லட்சத்தை நேரா பேங்க்ல கட்டணும், 6 லட்சத்தை டிடியா உங்க பேர்ல எடுக்கணும், கிரயம் ஆகுற அன்னைக்கு பத்திர ஆபீஸ்லயே டிடி உங்க கைக்கு வரணும், நீங்க சாவியைக் கொடுக்கணும். வாங்கறவருக்கும் வீடு காலியா கைக்கு வர்றது முக்கியம், அதனால நீங்க உள்ள இருக்கிறது இந்தப் பேச்சுல உங்களுக்கு ஒரு பலம். "முதல்ல காலி பண்ணுங்க, வித்ததும் தர்றேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க.

ரெண்டாவது, பணம் கேட்டு சிவில் வழக்கு. முதல் வழி நடக்குதோ இல்லையோ இதுக்கான வேலையை இப்பவே ஆரம்பிக்கணும். முதல்ல வக்கீல் நோட்டீஸ், பிறகு வழக்கு. தமிழ்நாட்டுல பணம் கேட்டுப் போடற வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 6 லட்சத்துக்கு 18,000. வழக்கோடவே, தீர்ப்புக்கு முன்னாடியே ஜப்தி பண்ண, அதாவது அவர் சொத்தையும் பணத்தையும் முடக்கி வைக்கச் சொல்லி ஒரு மனுவும் போடணும். ஏன்னா பேங்க் ஏலம் விட்டா தன் கடனையும் செலவையும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஓனர்கிட்ட கொடுத்துடும், அந்த மிச்சப் பணத்தை அவர் கைக்குப் போகாம கோர்ட் நிறுத்தி வச்சாத்தான் உங்க தீர்ப்புக்கு மதிப்பு. இதை உங்க வக்கீல்கிட்ட மறக்காம சொல்லுங்க, பல பேர் வழக்கைப் போட்டுட்டு இந்த மனுவைப் போடாம விட்டுடறாங்க, ஜெயிச்ச பிறகு வசூல் பண்ண ஒண்ணுமே இருக்காது.

அதுக்கு முன்னாடி பேங்க்குக்கு ஒரு கடிதம். நோட்டீஸ் கீழ கையெழுத்து போட்டிருக்கிற அதிகாரம் பெற்ற அலுவலர் பேருக்கு, நாங்க இன்ன தேதியில இருந்து ஒத்திக்கு இருக்கோம், 6 லட்சம் கொடுத்திருக்கோம், எங்களுக்குத் தெரிவிக்காம எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம், காலி பண்ண நியாயமான அவகாசம் கொடுங்கன்னு அக்ரிமெண்ட் நகலோட பதிவுத் தபால்ல ஒப்புகை அட்டை வச்சு அனுப்புங்க. அவங்க கேட்டு நடக்கணும்னு கட்டாயம் இல்லை, ஆனா பிள்ளைங்க பரீட்சை முடியற வரைக்கும் அவகாசம் கொடுத்த மேனேஜர்கள் உண்டு, கேக்காம யாரும் கொடுக்கிறதில்லை. ஓனருக்காக நீங்க பேங்க்ல ஒரு தவணை கூட கட்டாதீங்க, "இப்போதைக்கு நீங்க கட்டுங்க, சேத்துத் தர்றேன்"னு கேப்பார், அதுக்கு எழுத்துல எந்தப் பாதுகாப்பும் இல்லாம மேல மேல பணத்தை இறக்காதீங்க.

போலீஸ் விஷயம். அக்ரிமெண்ட் ரெண்டாவது பக்கத்துல "மேற்படி வீட்டின் பேரில் எவ்வித வில்லங்கமும் கடன் பாத்தியதையும் கிடையாது என்று உறுதி கூறுகிறேன்"னு எழுதியிருக்கு. 2019லயே அடமானம் வச்சுட்டு 2022ல இப்படி எழுதிக் கொடுத்திருக்கார், இது வெறும் பாக்கி விஷயம் இல்லை, ஆரம்பத்துலயே மறைச்சிருக்கார், அதனால மோசடிப் புகாருக்கு இடம் இருக்கு. 2024 ஜூலைக்கு முன்னாடி நடந்ததால பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420-வது பிரிவுதான் வரும். புகார் கொடுங்க, புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்க. ஆனா பணத்தை வசூல் பண்ணித் தர்றது போலீஸ் வேலை இல்லை, "இது சிவில் மேட்டர்"னு திருப்பி அனுப்பினாலும் மனசு உடைஞ்சுடாதீங்க, எஸ்பி ஆபீஸ், கமிஷனர் ஆபீஸ், அப்புறம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்னு வழி இருக்கு. ஸ்டேஷன்ல தெரிஞ்ச ஒருத்தர் பேசி முடிச்சுத் தர்றதா சொன்னார்னு எழுதியிருக்கீங்களே, அவர் 6 லட்சத்துல எவ்வளவு தனக்குன்னு கேக்குறார்னும் எழுதியிருக்கீங்க, அந்தப் பக்கம் போகாதீங்கம்மா, தயவுசெஞ்சு.

ஓனர் செக் தர்றேன்னு சொன்னா வாங்கிக்கோங்க. செக் தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள பேங்க்ல போடணும், திரும்பினா அந்தத் தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அவர் நோட்டீஸ் வாங்கின 15 நாளுக்குள்ள பணம் தரலைன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார். இந்த நாள் கணக்குல ஒரு நாள் கூடத் தவற விடாதீங்க.

நடுவுல ஓனரோ தம்பியோ தண்ணியையோ கரண்டையோ நிறுத்தினா, பூட்டைப் போட்டா, முன்சீப் கோர்ட்ல தடையுத்தரவு கேக்கலாம். பலவந்தமா வெளிய அனுப்பிட்டாலும் 6 மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு திரும்ப உள்ள போற உரிமை இருக்கு, சொத்து யாருதுங்கிற கேள்விக்கே அதுல போக மாட்டாங்க. ஓனர் விஷயத்துல நீங்க பயப்பட வேண்டியதில்லை, அவர் கோர்ட் மூலமாத்தான் உங்களைக் காலி பண்ண வைக்க முடியும்.

"அடுத்த ஆள்கிட்ட வாங்கித் தர்றேன்"னு சொல்றார் இல்லையா, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஒத்தியில இது வழக்கமா நடக்கிறதுதான், புதுசா வர்றவர் கொடுக்கிற பணம் பழையவருக்குப் போகும். ஆனா பேங்க் நோட்டீஸ் ஒட்டின வீட்டுக்கு விஷயம் தெரியாம இன்னொரு குடும்பம் 6 லட்சத்தைக் கொண்டு வந்தா, இன்னைக்கு நீங்க படற பாடு நாளைக்கு அவங்களுக்கு. வீடு பாக்க யாராவது வந்தா நோட்டீஸ் விஷயத்தைச் சொல்லிடுங்க. உங்க பணம் அதனால தள்ளிப் போகலாம், இருந்தாலும் சொல்லுங்க.

அடுத்த வீடு

பணம் வந்ததும் மறுபடி ஒத்திக்கே போகலாம்னு நினைக்கிறதா கடைசியில எழுதியிருக்கீங்க. மாச வாடகை கையைக் கடிக்குதுங்கிறது எனக்குப் புரியுது, ஒத்தியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த தடவை கடன் கொடுக்கிறவங்களா போங்க. பதிவுத்துறை சைட்ல ஈசி (வில்லங்கச் சான்று) இலவசமாவே பாக்கலாம், 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க, பேங்க்ல பத்திரம் வச்சிருந்தா பெரும்பாலும் அதுல "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு"ன்னு ஒரு பதிவு வரும். உங்க ஓனர் வீட்டுக்கு 2022லயே இதைப் பாத்திருந்தா 2019 பதிவு அதுல கண்ணுல பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈசி சுத்தமா இருந்தாலும் ஒரிஜினல் தாய்ப் பத்திரத்தைக் கண்ணால பாக்கணும், ஜெராக்ஸைக் காட்டி "ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு"ன்னா லாக்கர்ல இருந்து எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வீடு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் கையெழுத்து போடணும், அப்பா பேர்ல இருக்கிற வீட்டுக்கு மகன் எழுதிக் கொடுத்தா அது அவரோட சொந்த வாக்குறுதி மட்டும்தான்.

பணம் முழுக்க பேங்க் வழியா. பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு. அந்தப் பத்திரத்துல கெடுவுக்குள்ள பணத்தைத் தருவேன்னு அவர் சொந்தப் பொறுப்புல ஒத்துக்கணும், தராட்டி கோர்ட் மூலமா இந்தச் சொத்தை வித்து எடுத்துக்கலாம்னும் எழுதச் சொல்லுங்க, ஏன்னா வெறும் ஒத்தியை மட்டும் எழுதினா சொத்தை விக்கச் சொல்லிக் கேக்கற உரிமை சட்டத்துல கிடையாது, உள்ள உக்காந்திருக்கற உரிமைதான் இருக்கும். பதிவுச் செலவை ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கலாம்னு கேட்டுப் பாருங்க. பதிவே முடியாதுன்னு சொல்ற ஓனர் வீடு எவ்வளவு நல்லா இருந்தாலும் விட்டுடுங்க, அதுக்கு பதிலா வாடகைக்குப் போங்க. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், 3 மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2019 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்லுது. மிச்சப் பணம் உங்க பேர்ல பேங்க்லயே இருக்கட்டும்.

வக்கீல் ஃபீஸுக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி கேக்குற உரிமை இருக்கு, 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்துல எழுதியே இருக்கு. பணத்துல பாதி உங்க நகை போட்டதுதான், அக்ரிமெண்ட்ல உங்க பேரும் இருக்கு, அதனால வழக்கை உங்க பேர்லயும் சேத்துப் போடலாம். மதுரை மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, 15100க்கு போன் போட்டும் கேக்கலாம். வழக்குக்கு முன்னாடியே ஓனரை அங்க கூப்பிட்டுப் பேசி லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றத்துல) முடிச்சுக்கவும் முடியும், அங்க எழுதற தீர்வுக்கு கோர்ட் தீர்ப்போட பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. உங்க கேஸுக்கு இது நல்லா ஒத்துப்போகும்னு நினைக்கிறேன், ஏன்னா ஓனருக்கும் இப்போ நேரம் கிடையாது.

நோட்டீஸ்ல தேதி கொஞ்சம் மங்கலா இருக்கு போட்டோவுல, அதை முதல்ல பாருங்க, 45 நாள் அதுல இருந்துதான் எண்ணுவாங்க. இந்த வாரத்துக்குள்ளயே சட்ட உதவி ஆபீஸுக்குப் போயிடுங்க. போகும்போது அக்ரிமெண்ட் ஒரிஜினல், 4 லட்சம் போன நாளோட பேங்க் ஸ்டேட்மெண்ட், நகை வித்த ரசீது, கரண்ட் பில், கேஸ் புக், பிள்ளைங்க ஸ்கூல் ஐடியில இருக்கிற முகவரி, ஓனர் "தர்றேன்"னு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போங்க. மெசேஜை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துட்டு போனை மாத்திடாதீங்க, அந்த போனையும் பத்திரமா வச்சுக்கோங்க. அக்ரிமெண்ட் ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதீங்க, ஓனர் "திருத்தி எழுதிக்கலாம்"னு கேட்டாலும் ஜெராக்ஸ்தான்.